சொற்களை எண்ணிய ஆசான்

மன்றத்தின் ஆண்டு மலருக்குப் பெரியோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் என்னைக் கேட்டபோது, அவர்கள் எதிர்பார்த்தது சர் சி. வி. இராமனைப் பற்றிய கட்டுரை. இயற்பியல் முதுகலை படிப்பவன், அதிலும் கல்கத்தாவில் படிப்பவன், வேறு யாரைப் பற்றி எழுதப் போகிறான் என்று அவர்கள் எண்ணியதில் தவறில்லை. ஆயினும் இராமனைப் பற்றி எழுத என்னினும் வல்லார் பலர் நம் மன்றத்தில் உளர். நான் எழுதப் புகுவது ஓர் ஆங்கிலேயரைப் பற்றி. மைக்கேல் வெஸ்ட் என்பது அவர் பெயர். ஆங்கிலம் கற்பிக்கும் துறையினர் உலகெங்கும் அறிந்த பெயர் அது. 1888-ஆம் ஆண்டு பிறந்து 1973-ஆம் ஆண்டு மறைந்த அவர், தம் இளமைக் காலத்தின் பெரும்பகுதியை இந்த வங்காளத்தில்தான் கழித்தார். நம்மவர் பலருக்கு அவர் பெயர் தெரியாது. ஆனால் அவர் வகுத்த வழியில் எழுதப்பட்ட ஏதேனும் ஒரு பாடப் புத்தகம் நம் கைக்கு வந்திருக்கக்கூடும்.

அவரை நான் தேடிப் போனதற்குக் காரணம் என் தோல்விதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் தமிழில் படித்தவன். பின்னர் இளங்கலை வகுப்பில் ஆங்கிலத்தில் விடை எழுதினேன் என்றாலும், எழுதியதில் பாதி மனப்பாடம். அங்கே கேள்விகள் ஆண்டுதோறும் ஒரே சொற்களில் வரும், ஆகவே பிழைத்துக்கொண்டேன். கல்கத்தாவுக்கு வந்த முதல் பருவத் தேர்வில் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் தெரியும் இரட்டைக் கோடுகளைப் பற்றி ஒரு கேள்வி. ‘அக்கவுண்ட் ஃபார்’ என்று அது தொடங்கிற்று. அக்கவுண்ட் என்றால் வங்கிக் கணக்கு, அல்லது நடந்ததைச் சொல்லும் வருணனை என்பதே நான் அறிந்தது. ஆகவே 589.0, 589.6 நானோமீட்டர் என்று அலைநீளங்களைக் குறித்து, படம் வரைந்து, கோடுகள் எப்படித் தோன்றும் என்று இரண்டு பக்கம் வருணித்துவிட்டு வந்தேன். கேட்டதோ காரணம். எலக்ட்ரானின் தற்சுழற்சிக்கும் அதன் சுற்றுப்பாதை இயக்கத்துக்கும் உள்ள தொடர்பால் ஒரே ஆற்றல் மட்டம் இரண்டாகப் பிரிகிறது என்ற அந்தக் காரணம் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததை எழுதாமல் பத்துக்கு இரண்டு மதிப்பெண் பெற்றேன். இயற்பியலில் தோற்றிருந்தால் அவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். இரண்டு எளிய சொற்களில் தோற்றேனே என்பதுதான் நெடுநாள் உறுத்திற்று.

அந்த உறுத்தலால்தான், கோடை விடுமுறையில் பல்கலைக்கழகப் படிப்புக்கு ஆயத்தமாகும் மாணவர்க்கு மாலை வேளையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கலாம் என்று விடுதியில் சிலர் கூடிப் பேசியபோது நானும் சேர்ந்துகொண்டேன். வந்தவர் பதினான்கு பேர். தும்காப் பக்கத்துச் சந்தால் பெண் ஒருத்தி, மைதிலி பேசும் மதுபனிப் பையன்கள் இருவர், மணிப்பூரிகள், திரிபுராவிலிருந்து ஒருவன், ஒடியாக்காரர், வங்காளத்து நாட்டுப்புறத்தார், நம் தமிழ்நாட்டுத் தம்பிகள் மூவர். அனைவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே: பள்ளியில் அவரவர் மொழியில், அல்லது இந்தியில், படித்தவர்கள்.

முதல் நாள் ஒரு பாடநூலின் பக்கத்தைப் படி எடுத்துக் கொடுத்து, தெரியாத சொற்களைக் கோடிடச் சொன்னேன். எலக்ட்ரான், வோல்டேஜ், கதிர்வீச்சு முதலிய துறைச் சொற்களின் கீழ்தான் கோடு விழும் என்று எதிர்பார்த்தேன். அவற்றின் கீழ் யாரும் கோடிடவில்லை. அவற்றையெல்லாம் பள்ளியிலேயே தத்தம் மொழியில் கற்று வந்திருந்தார்கள். ‘வேர்ஆஸ்’, ‘ஹென்ஸ்’, ‘அஸ்யூம்’, ‘டிரைவ்’, ‘ரெஸ்பெக்டிவ்லி’ என்ற சொற்களின் கீழ்தான் பதினான்கு தாள்களிலும் கோடுகள் இருந்தன. எந்த ஆசிரியரும் நின்று விளக்காத சொற்கள் அவை. தெரிந்தவை என்று எல்லாரும் எண்ணிக் கடந்து போகும் சொற்கள். இதை யாரேனும் முன்பே கண்டிருப்பார்களே என்று நூலகத்தில் தேடப் போய், அட்டை பிய்ந்த ஒரு தடித்த நூலில் வெஸ்ட்டைக் கண்டேன்.

வெஸ்ட் ஆக்ஸ்போர்டில் படித்தவர். 1912-இல் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளத்துக்கு வந்தார். அக்காலத்து நிலையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வுதான் கல்லூரிக்கு வாயில். அந்த வாயிலைக் கடக்க ஆங்கிலம் வேண்டும். கணக்கும் வரலாறும் தெரிந்தவனும் அவற்றை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால்தான் உள்ளே போகலாம். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்த வாயிலில் முட்டி நின்றார்கள். 1917-இல் சர் மைக்கேல் சாட்லர் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் குழு, கல்லூரிக்கு வரும் மாணவரின் ஆங்கிலம் விரிவுரையைப் பின்பற்றவும் போதவில்லை என்று கண்டது. பள்ளியில் ஆங்கிலமும் கணக்கும் தவிர்ந்த பாடங்களைத் தாய்மொழியில் நடத்தலாம் என்றும் அது பரிந்துரைத்தது. அந்தக் குழுவின் யோசனைகளுள் ஒன்றாகிய டாக்காப் பல்கலைக்கழகம் 1921-இல் திறக்கப்பட்டது. வெஸ்ட் அப்போது டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தார்.

இங்கே ஒன்றை இடையில் சொல்லத் தோன்றுகிறது. அதே 1921-இல் அதே டாக்காவுக்கு இயற்பியல் ரீடராக வந்து சேர்ந்தார் சத்தியேந்திரநாத் போஸ். 1924-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய சிறு கட்டுரையை ஐன்ஸ்டைனே ஜெர்மனில் பெயர்த்து வெளியிட்டார். போஸ் புள்ளியியல் பிறந்தது. ஒரே ஊரில் ஒருவர் ஒளித்துகள்களை எண்ணும் முறையை மாற்றிக்கொண்டிருந்தார். மற்றொருவர் பிள்ளைகளுக்குத் தெரியாத சொற்களை எண்ணிக்கொண்டிருந்தார். இருவரையும் சேர்த்து நினைப்பது இயற்பியல் மாணவனாகிய என் ஆசையே அன்றி வேறில்லை. ஆயினும் போஸ் பின்னொரு முறை இக்கட்டுரைக்குள் வருவார்.

வெஸ்ட் செய்தது என்ன? வங்காளப் பிள்ளை ஆங்கிலத்தில் ஏன் தடுமாறுகிறான் என்பதை ஊகத்தால் அன்றிச் சோதனையால் அறிய முயன்றார். பள்ளிகளில் வாசிப்புச் சோதனைகள் நடத்தினார். பிள்ளைகளின் அறிவில் அவர் குறை காணவில்லை. அவர்கள் கையில் இருந்த புத்தகங்களில் கண்டார். அந்தப் பாடநூல்களில் சில சொற்களுக்கு ஒரு புதுச்சொல் குறுக்கிடும். மாணவன் அடிக்கொருமுறை இடறி விழுவான். ஒரு சொல்லைக் கற்று முடிக்குமுன் அடுத்தது வந்துவிடும். முன்னது திரும்பி வராமலே போய்விடும். போதாக்குறைக்கு ஆங்கிலேயரே பேச்சில் வழங்காத பழஞ்சொற்கள் வேறு. தீவு என்பதற்கு ‘ஐலண்ட்’ இருக்க ‘ஐல்’ என்று கற்பிப்பார்கள். முன்னர் என்பதற்கு ‘பிஃபோர்’ இருக்க ‘எர்’ என்று கற்பிப்பார்கள். செய்யுளில் வாழும் சொற்களை உயிரைக் கொடுத்து உருப்போட்ட பிள்ளைக்கு, நாளேட்டின் ஒரு பத்தி விளங்காது.

வெஸ்ட் கதைகளை எடுத்துத் திருத்தி எழுதினார். அருஞ்சொல்லை நீக்கி வழக்குச் சொல்லை வைத்தார். ஒரு பக்கத்தில் வரும் புதுச்சொற்களைக் குறைத்தார், பக்கங்களைக் கூட்டினார். வந்த புதுச்சொல் மீண்டும் மீண்டும் வந்து கண்ணுக்குப் பழகும்படி செய்தார். எந்தச் சொல் வழக்குச் சொல், எது அருஞ்சொல் என்று தீர்மானிக்க, அமெரிக்கப் பேராசிரியர் தார்ண்டைக் 1921-இல் வெளியிட்ட பத்தாயிரம் சொற்களின் எண்ணிக்கைப் பட்டியல் அவருக்கு உதவிற்று. இப்படிப் பிறந்தவையே அவருடைய நியூ மெத்தட் ரீடர்கள். லாங்மன்ஸ் நிறுவனம் அவற்றை வெளியிட்டது. தம் ஆராய்ச்சியை வெஸ்ட் 1926-இல் இருமொழியம் பற்றிய பெருநூலாக, வங்காளத்தையே சிறப்பாக எடுத்துக்கொண்டு, கல்கத்தாவில் வெளியிட்டார்.

அந்நூலில் அவர் கூறும் கருத்துகளுள் ஒன்று என்னை மிகவும் பிடித்துக்கொண்டது. காப்பீட்டுத் துறையில் சரண்டர் வேல்யூ என்று ஒன்று உண்டு. பாலிசி எடுத்தவர் பாதியில் நிறுத்திவிட்டால் கட்டியதற்கு ஈடாகக் கையில் கிடைக்கும் தொகை அது. அந்தக் கணக்கை வெஸ்ட் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். வங்காளப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் படிப்பை முடிக்கும் முன்பே விட்டுவிடுகிறார்கள். பத்தாண்டு முழுதும் கற்றால்தான் பயன் என்று அமைந்த பாடம், நான்காம் ஆண்டில் நின்றவனுக்கு என்ன தருகிறது? பேச்சையும் இலக்கணத்தையும் அரைகுறையாகக் கற்றவனுக்கு அவற்றால் ஒன்றும் இல்லை. ஆனால் வாசிக்கக் கற்றவன் எந்த நாளில் நின்றாலும், அந்த நாள் வரை கற்ற அளவுக்கு ஒரு புத்தகத்தைப் படிக்கலாம். ஆகவே வாசிப்பே முதலில் வரவேண்டும் என்பது அவர் முடிவு. கல்வியை இவ்வாறு இடையில் நின்றவனின் கண்கொண்டு பார்த்தவர் அக்காலத்தில் எத்தனை பேர்? தேறியவனை எண்ணித்தான் பள்ளிகள் பெருமை கொண்டன. போனவனின் கையில் என்ன இருந்தது என்று வெஸ்ட் கேட்டார்.

எல்லாவற்றிலும் அவரோடு நான் உடன்படுவதில்லை. பேச்சைப் பின்னுக்குத் தள்ளினார் என்று அவர் காலத்திலேயே எதிர்ப்பு இருந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹெரால்டு பாமர் முதலியோர் வாய்மொழியே அடிப்படை என்றார்கள். எங்கள் மாலை வகுப்பிலும் அந்தக் குறை தெரிந்தது. படித்துப் புரிந்துகொண்ட பையன், கருத்தரங்கில் எழுந்து நின்றால் வாயடைத்துப் போகிறான். மற்றொன்று: வங்காளி போன்ற மொழிகளைப் பேசுவோர் துறை அறிவுக்கு ஆங்கிலத்தைத்தான் நாடவேண்டியிருக்கும் என்பது அவர் வாதத்தின் அடித்தளம். அன்றைய நிலையை அப்படியே கண்டு சொன்னார் என்று கொள்ளலாம். ஆனால் நிலையை மாற்றவும் முடியும் அல்லவா? அதே டாக்காவில் பணியாற்றிய போஸ், 1948-இல் கல்கத்தாவில் வங்கீய விஞ்ஞான பரிஷத்தை நிறுவி, வங்காளியில் அறிவியல் இதழ் நடத்தினார். வெஸ்ட் சொன்னதற்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை. இவ்வளவு சொன்ன பிறகும், நாளைக் காலை ஒரு மாணவன் ஆங்கிலப் பாடநூலைத் திறந்துதான் ஆகவேண்டும் என்ற உண்மை அப்படியே நிற்கிறது. அவனுக்குப் போஸும் வேண்டும், வெஸ்ட்டும் வேண்டும்.

1930-களின் தொடக்கத்தில் வெஸ்ட் இந்தியப் பணியை விட்டார். அதன் பின்னர்தான் அவர் புகழ் உலகளாவியது. 1935-இல் ஜேம்ஸ் எண்டிகாட் என்ற கனடியரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட அகராதி, ஆங்கிலம் பயிலும் பிறமொழியாளர்க்கென்றே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முதல் அகராதி எனலாம். 1,490 சொற்களை மட்டும் கொண்டு ஏறத்தாழ 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் அதில் பொருள் விளக்கினார்கள். அகராதியில் ஒரு சொல்லைப் பார்க்கப் போய், விளக்கத்தில் உள்ள நான்கு சொற்களுக்கு மறுபடியும் அகராதி புரட்டியவர்க்கே இதன் அருமை தெரியும்.

1934-இல் நியூயார்க்கிலும் மறு ஆண்டு இலண்டனிலும், கார்னகி நிறுவனத்தின் ஆதரவில், எந்தச் சொற்களை முதலில் கற்பிப்பது என்று ஆராய மாநாடுகள் கூடின. வெஸ்ட், பாமர், தார்ண்டைக் எல்லாரும் அவற்றில் பங்கு கொண்டார்கள். கருத்து வேறுபட்டவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து 1936-இல் ஓர் இடைக்கால அறிக்கை வெளியிட்டார்கள். அந்த அறிக்கையைத் திருத்தி விரித்து 1953-இல் வெஸ்ட் வெளியிட்டதே ஆங்கிலப் பொதுச் சொற்பட்டியல்; நான் நூலகத்தில் கண்ட தடித்த நூல். ஏறத்தாழ இரண்டாயிரம் தலைச்சொற்கள் கொண்டது. ஐம்பது இலட்சம் சொற்கள் கொண்ட நூற்பகுதிகளில் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்பதோடு, எந்தப் பொருளில் நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்றும் அதில் குறித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பயன்பாட்டுக்கு வராத காலத்து வேலை. மனிதர்கள் உட்கார்ந்து கண்ணால் படித்து, இந்த இடத்தில் இந்தச் சொல்லுக்கு எந்தப் பொருள் என்று பிரித்து எண்ணினார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் என்று நம்பிச் சோடியம் கோடுகளில் தோற்ற எனக்கு, அந்தப் பக்கங்களைப் புரட்டியபோது என்ன தோன்றியிருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இன்னுமொரு சிறப்பு, எண்ணிக்கை ஒன்றையே அவர் நம்பவில்லை. கற்க எளிதா, அதற்கு ஈடாக வேறு சொல் இருக்கிறதா, அன்றாடத் தேவைக்கு இன்றியமையாததா என்றெல்லாம் நிறுத்துப் பார்த்தே சேர்த்தார். 1960-இல், வயது எழுபதைக் கடந்த பின், இடர்ப்பாடான சூழலில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். நெருக்கி உட்கார்ந்த பெரிய வகுப்பு, வெப்பம், போதிய பயிற்சி பெறாத ஆசிரியர், பாதியில் நின்றுவிடும் பிள்ளைகள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பதே அதன் பொருள். வங்காளத்தை விட்டு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகியும் அவர் அந்த வகுப்பறைகளை மறக்கவில்லை.

அவர் மறைந்து இருபத்தேழு ஆண்டு கழித்து, 2000-இல், நியூசிலாந்தின் ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற அம்மையார் பல்கலைக்கழக நூல்களிலும் கட்டுரைகளிலும் 35 இலட்சம் சொற்களை ஆராய்ந்து, வெஸ்ட்டின் இரண்டாயிரத்தில் இல்லாத, ஆனால் எல்லாத் துறைகளிலும் பரவி வரும் 570 சொற்குடும்பங்களைப் பட்டியலிட்டார். ‘அஸ்யூம்’, ‘டிரைவ்’, ‘வேர்ஆஸ்’, ‘ஹென்ஸ்’ எல்லாம் அதில் இருக்கின்றன. எங்கள் பதினான்கு பேரும் கோடிட்ட சொற்கள்! கணக்கைப் பாருங்கள். பல்கலைக்கழக நூலின் ஒரு பக்கத்தில் நூற்றுக்கு எழுபத்தாறு சொற்கள் வெஸ்ட்டின் பட்டியலுக்குள் அடங்கும். காக்ஸ்ஹெட் பட்டியல் இன்னும் பத்தைச் சேர்க்கும். முதற்பட்டியலோடு நின்றவனுக்கு நான்கு சொல்லுக்கு ஒன்று இருட்டு. இரண்டையும் கற்றவனுக்கு ஏழுக்கு ஒன்று. அந்த ஏழில் ஒன்றிலும் பல, அவன் துறையில் முன்பே அறிந்த சொற்களாக இருக்கும்.

வெஸ்ட்டின் பட்டியல் இன்று பழசாகிவிட்டது. ‘டெலிகிராஃப்’ அதில் இருக்கிறது, ‘கம்ப்யூட்டர்’ இல்லை. எங்கள் வகுப்பில் நாங்களே சில சொற்களை ஒட்டிக்கொண்டோம். சந்தால் பெண் தன் பட்டியலின் ஓரத்தில் ஓல் சிக்கி எழுத்தில் பொருள் எழுதிக்கொண்டாள். மணிப்பூரிகள் மெய்தெயில், நம் தம்பிகள் தமிழில். பதினான்கு பேர் தாளிலும் ஆங்கிலம் ஒன்று, ஓரம் வெவ்வேறு.

நம் தம்பிகளுள் ஒருவன், சங்கரன்கோவில் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பையன், வேதியியல் படிக்க வந்தவன், மூன்றாம் வாரத்தில் ஊருக்குத் திரும்ப முடிவு செய்துவிட்டான். ஆங்கிலம் மட்டும் காரணம் அன்று. வீட்டு நிலையும் அப்படி. நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அண்ணே, இங்கே இருந்தால் இரண்டும் கெட்டுப்போகும் என்று அவன் சொன்னதற்கு என்னிடம் விடை இல்லை. கோரமண்டல் வண்டியில் ஏற்றிவிட்டு விடுதிக்கு நடந்து வருகையில் வெஸ்ட்டின் கேள்விதான் மனத்தில் ஓடிற்று. மூன்றே வாரத்தில் நின்றுவிட்ட இவனுக்கு நாம் கொடுத்தனுப்பியது என்ன? இருபது வேலை நாள்; நாளுக்குப் பதினைந்து சொல்; அவற்றைக் கொண்டு படித்த நாற்பது பக்கம். அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். அங்கும் பாடநூல் ஆங்கிலம்தான். முதல் அத்தியாயத்தை ஒருவர் துணையும் இல்லாமல் படித்து முடித்துவிட்டதாகவும், பதினாறு பக்கத்துக்கு ஒன்பது நாள் ஆயிற்று என்றும் சொன்னான். ஒன்பது நாள் என்பது அதிகமா குறைவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தன் வகுப்பில் இன்னும் நான்கு பேர் கேட்கிறார்களாம். மீதிப் பட்டியலைப் படி எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டான். மறுநாள் விடுதி வாயிலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் ஐந்து பிரதி எடுத்து, ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு, தபாலில் சேர்த்தேன்.